போர்டு மாறினால் வோல்டேஜும் மாறும்: ஓவர்கிளாக்கில் பிராசஸர் வோல்டேஜை அளந்து வைப்பது எப்படி

பிராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதே ஓவர்கிளாக். ஒரு பிராசஸரை ஒரு மதர்போர்டில் 1.30 வோல்ட் கொடுத்து 5.0 கிகாஹெர்ட்ஸில் நாள் முழுக்க அசையாமல் ஓட்டுகிறீர்கள். அதையே கழற்றி வேறொரு போர்டில் மாட்டி, பயோஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) அதே 1.30 அடித்தால், சோதனை தொடங்கிய சில நொடிகளில் நீலத்திரை. மூன்றாவது போர்டில் அதே எண் சிக்கலின்றி ஓடுகிறது, ஆனால் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடி நிற்கிறது. சிப் அதேதான், கூலரும் அதேதான். சிலிக்கானுக்குப் போய்ச் சேர்ந்த வோல்டேஜ் மட்டும் மூன்று இடத்திலும் வேறு.

பயோஸில் அடிக்கும் எண், பிராசஸருக்கு வோல்டேஜ் தரும் வீஆர்எம் சுற்றுக்கு நாம் சொல்லும் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து சிப்புக்குள் போய்ச் சேரும் வரை அது பல இடங்களில் குறையும், சில இடங்களில் கூடவும் செய்யும். ஆகவே "இந்தச் சிப்புக்கு 1.30 போதும்" என்று யார் சொன்னாலும் உடனே கேட்க வேண்டியது: எந்தப் போர்டு, எந்த எல்எல்சி (வோல்டேஜ் சரிவை மாற்றும் பயோஸ் அமைப்பு), முழு லோடில் எவ்வளவு காட்டியது? இந்த மூன்றும் இல்லாத எண்ணை உங்கள் பயோஸில் அடிக்காதீர்கள். ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகத் தகுந்தது லோடில் நிற்கும் வோல்டேஜ் ஒன்றுதான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, புதுப் போர்டில் எப்படிக் கொண்டுவருவது என்பதே இங்கே வேலை.

லோட்லைன்: எண் தேயும் இடம்

பிராசஸர் இழுக்கும் கரண்ட் ஏற ஏற, வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்படியே வீஆர்எம் வடிவமைக்கப்படுகிறது. இந்தச் சரிவுக்குப் பெயர் லோட்லைன், மில்லிஓமில் சொல்வார்கள். இறங்கும் அளவுதான் விட்ரூப். கணக்கு எளிது: கரண்ட்டை லோட்லைனால் பெருக்கினால் விட்ரூப். இன்டெலின் 12 முதல் 14 வரையான தலைமுறை கே வகை (ஓவர்கிளாக் செய்யத் திறந்துவிடப்பட்ட) உயர்நிலை பிராசஸர்களுக்கு, இன்டெல் வகுத்த லோட்லைன் 1.1 மில்லிஓம்.

பயோஸில் 1.30 வோல்ட், முழு லோடில் 160 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

லோட்லைன் 1.1 மில்லிஓம் என்றால் 176 மில்லிவோல்ட் இறங்கும். சிப்புக்குக் கிடைப்பது 1.124 வோல்ட்.
0.5 மில்லிஓம் என்றால் 80 மில்லிவோல்ட் இறங்கும், கிடைப்பது 1.220.
சரிவே இல்லாமல் தட்டையாக வைத்தால் முழு 1.300.

வோல்டேஜ் இறங்கினால் கரண்ட்டும் குறையும் என்பதால் உண்மையான இடைவெளி இதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். ஆனாலும் ஒரே 1.30க்கு இத்தனை வித்தியாசம்! மின்செலவு வோல்டேஜின் இருமடிப்படி ஏறுவதால், 1.220லிருந்து 1.300க்குப் போனால் வெப்பம் 13 சதவீதத்துக்கு மேல் கூடும். கசிவுக் கரண்ட்டையும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

இந்தச் சரிவு போர்டின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே வைக்கப்பட்டது இது. 160 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்த பிராசஸர் நொடிப்பொழுதில் 20 ஆம்பியருக்கு இறங்கினால், வீஆர்எம்மின் காயில்களில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் உடனே நின்றுவிடாது. அது கெபாசிட்டர்களுக்குள் பாய்ந்து வோல்டேஜை மேலே தள்ளும். லோடில் வோல்டேஜ் முன்பே இறங்கியிருந்தால், இந்தத் துள்ளல் வரம்புக்குள் அடங்கிவிடும். சரிவை முழுக்க நீக்கிவிட்டால், துள்ளல் நீங்கள் வைத்த எண்ணையும் தாண்டும். மைக்ரோநொடிகளில் முடிந்துவிடுவதால் மென்பொருளிலும் தெரியாது, மல்டிமீட்டரிலும் தெரியாது, ஆஸிலோஸ்கோப்பில்தான் தெரியும். லோடு ஏறும்போது இதற்கு எதிர்த்திசையில் ஒரு பள்ளம் விழும். தட்டையான லோட்லைனில் 1.25 என்று காட்டும் போர்டு சில சமயம் விழுந்துபோவதும், நடுத்தரச் சரிவில் 1.24 காட்டும் போர்டு அசையாமல் நிற்பதும் இந்தப் பள்ளத்தால்தான்.

எல்எல்சி எண்கள் போர்டுக்குப் போர்டு தலைகீழ்

சரிவை மாற்றும் பயோஸ் அமைப்புதான் லோட்லைன் கேலிபரேஷன், சுருக்கமாக எல்எல்சி. அதிகமானோர் தவறுவது இங்கேதான். ஆசுஸ் போர்டுகளில் லெவல் எண் ஏற ஏற எல்எல்சி வலுவாகும். லெவல் 8 வரை உள்ள இன்டெல் போர்டுகளில் 8 ஏறக்குறைய தட்டை. எம்எஸ்ஐயில் நேர் எதிர்: மோடு 1தான் தட்டை, மோடு 8 அதிகச் சரிவு. ஏஎஸ்ராக்கிலும் லெவல் 1 வலுவானது, லெவல் 5 தளர்வானது. கிகாபைட் எண்ணுக்குப் பதில் பெயர் வைக்கிறது: ஸ்டாண்டர்டு, லோ, மீடியம், ஹை, டர்போ, எக்ஸ்ட்ரீம், அல்ட்ரா எக்ஸ்ட்ரீம் என்று ஏறும். ஆசுஸில் ஓடிய "லெவல் 2"ஐ நினைவில் வைத்து ஏஎஸ்ராக்கில் அதையே போட்டால், மென்மையான சரிவுக்குப் பதில் கிட்டத்தட்ட தட்டையான கோடு கிடைக்கும். முழு லோடில் வோல்டேஜ் எதிர்பாராத அளவு ஏறி நிற்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு போர்டுகளில்கூட ஒரே லெவல் ஒரே மில்லிஓமாக இருக்கும் என்று நம்ப முடியாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரையில் தெரியும் எண்களில் எதை நம்புவது

கணினியின் அளவீடுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் வோல்டேஜ் என்ற பெயரில் நாலைந்து வரிகள் இருக்கும். அவை எல்லாம் ஒன்றல்ல.

விஐடி என்பது பிராசஸர் கேட்கும் வோல்டேஜ். கேட்டது கிடைத்ததா என்பதை அது சொல்லாது. விகோர் என்ற வரி பெரும்பாலும் போர்டிலுள்ள, சென்சார் அளவுகளைப் படிக்கும் சூப்பர் ஐஓ சிப் அளப்பது. அந்தச் சிப் படிப்படியாகத்தான் அளக்கும்: பல நுவோட்டன் சிப்புகளில் 8 மில்லிவோல்ட் படி, பல ஐடிஇ சிப்புகளில் 12 மில்லிவோல்ட் படி. ஒரு போர்டில் 1.208 என்றும் இன்னொன்றில் 1.212 என்றும் காட்டினால், அந்த 4 மில்லிவோல்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அளவுகோலின் கோடுகளே அங்கங்கே இருக்கின்றன.

அதைவிட முக்கியம், எந்த இடத்தில் அளக்கிறது என்பது. சாக்கெட் பக்கத்தில் அளக்கும் போர்டு, சாக்கெட் ஊசிகளிலும் பிராசஸர் பேக்கேஜிலும் தேயும் பங்கைச் சேர்க்காமல் காட்டும். அந்த வழியின் தடை 0.3 மில்லிஓம் என்றால், 170 ஆம்பியரில் 51 மில்லிவோல்ட் கூடுதலாகக் காட்டும். சிலிக்கானிலிருந்தே வரும் உணர்கம்பிகளில் அளக்கும் போர்டு, அதாவது டை சென்ஸ் உள்ளது, உண்மைக்கு அருகில் காட்டும். ஆகவே ஒரே சிப், ஒரே நிஜ வோல்டேஜ் இருந்தும் ஒரு போர்டு 1.23 என்றும் இன்னொன்று 1.18 என்றும் சொல்லலாம். இரண்டும் தான் நிற்கும் இடத்தில் சரியாகத்தான் அளந்தன.

பட்டியலில் விஆர் விஅவுட் என்ற வரி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது வீஆர்எம் கட்டுப்பாட்டுச் சிப்பே அளந்து சொல்வது. அந்தச் சிப் பெரும்பாலும் டை சென்ஸ் கம்பிகளை வைத்துத்தான் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிறது. பக்கத்திலேயே ஐஅவுட் என்ற கரண்ட் வரியும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஐ2 அல்லது எஸ்விஐ3 என்ற பெயருடன் வரும் கோர் வோல்டேஜை எடுங்கள். சூப்பர் ஐஓ விகோரைத் தள்ளிவிடலாம்.

இவை எதுவுமே நம்பும்படி இல்லாவிட்டால் மல்டிமீட்டர். சில உயர்நிலை போர்டுகளில் அளப்பதற்கென்றே புள்ளிகள் இருக்கும். இல்லாதவற்றில் சாக்கெட்டின் பின்புறம், பின்தட்டின் நடுவில் நெருக்கமாக நிற்கும் சின்னஞ்சிறு செராமிக் கெபாசிட்டர்களில் அளக்கலாம். மீட்டரை நேர்மின் (டிசி) 2 வோல்ட் வரம்பில் வையுங்கள். கறுப்பு முனையை அந்தக் கெபாசிட்டரின் கிரவுண்டு பக்கத்தில் வைக்க வேண்டும். கேபினட் உலோகத்தில் வைத்தால், கிரவுண்டு தளத்தில் விழும் வோல்டேஜும் கணக்கில் சேர்ந்துவிடும். கிரவுண்டு எது என்று கண்டுபிடிக்க பீப் ஒலிக்கும் கன்டின்யுவிட்டி முறையைப் பயன்படுத்த வேண்டாம். பிராசஸரின் உள்தடை மிகக் குறைவு என்பதால் விகோருக்கும் கிரவுண்டுக்கும் இடையிலேயே பீப் அடிக்கும். ஷார்ட் என்று பயந்துவிடுவீர்கள். கணினியை இயக்கி வோல்டேஜ் அளந்தே பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். ஓடும்போது ஊசிமுனை வழுக்கி இரண்டு முனையையும் தொட்டால் போர்டு போய்விடும், சிப்பும் போகலாம். முனைகளைக் கணினி அணைந்திருக்கும்போதே கிளிப்பால் அல்லது சன்னக் கம்பி பற்றவைத்துப் பொருத்திவிட்டு, பிறகு இயக்குவதே பாதுகாப்பு. 0.5 சதவீதத் துல்லியமுள்ள மீட்டர் 1.25 வோல்டில் 6 மில்லிவோல்ட் வரை தவறலாம் என்பதையும் மனதில் வையுங்கள். சாக்கெட் பின்புற அளவு, சிலிக்கானில் இருப்பதைவிட எப்போதும் கொஞ்சம் மேலேதான் நிற்கும். இரண்டு போர்டையும் ஒரே இடத்தில் அளந்தால் இந்தக் குறை பெரிதும் அடிபட்டுவிடும்.

உங்கள் போர்டின் நிஜ லோட்லைனை அளப்பது

இரண்டு வேறு லோடுகளில் வோல்டேஜும் கரண்ட்டும் தெரிந்தால் போதும்.

1. பயோஸில் நிலையான வோல்டேஜ் முறையைத் தேர்ந்து, பாதுகாப்பான ஓர் எண்ணை வையுங்கள். இங்கே உதாரணத்துக்கு 1.300. எல்லாக் கோர்களுக்கும் ஒரே கிளாக். எல்எல்சி நடுத்தரம். ஆட்டோவில் விடாதீர்கள், ஆட்டோ என்றால் போர்டு தன்போக்கில் மாற்றிக்கொள்ளும்.

2. பிரைம்95 அல்லது சினிபெஞ்ச் மல்டி என்ற சோதனை மென்பொருள்களில் எதையாவது முழு லோடில் 15 நிமிடம் ஓட்டி வீஆர்எம்மைச் சூடாக்குங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது, காரணம் கீழே.

3. முழு லோடில் வோல்டேஜையும் கரண்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1.174 வோல்ட், 170 ஆம்பியர் என்று வைப்போம்.

4. பிரைம்95ஐ இரண்டு மூன்று த்ரெட்டில் மட்டும் ஓட்டி மீண்டும் குறியுங்கள். 1.262 வோல்ட், 60 ஆம்பியர்.

5. கழியுங்கள்: 88 மில்லிவோல்ட், 110 ஆம்பியர். வகுத்தால் 0.8 மில்லிஓம். இந்த எல்எல்சியில் உங்கள் போர்டின் நிஜ லோட்லைன் இதுதான்.

6. அதே கோட்டைக் கரண்ட் பூஜ்யம் வரை நீட்டுங்கள்: 1.262 கூட்டல் 0.048, மொத்தம் 1.310. நீங்கள் வைத்தது 1.300. ஆக இந்தப் போர்டு 10 மில்லிவோல்ட் கூட்டியே கொடுக்கிறது. இதை ஆஃப்செட் என்று எழுதி வையுங்கள்.

கரண்ட் வரி இல்லாத இன்டெல் போர்டில், ஐஏ கோர்ஸ் பவரை (கோர்கள் எரிக்கும் வாட்) விஐடியால் வகுத்தால் கரண்ட் கிடைக்கும். விகோரால் வகுக்கக் கூடாது; பிராசஸர் தன் வாட் கணக்கை விஐடியை வைத்தே போடுகிறது.

சூடாக்கச் சொன்னதற்குக் காரணம் செம்பு. பல வீஆர்எம்கள் காயிலின் செம்புத் தடையில் விழும் வோல்டேஜை வைத்துத்தான் கரண்ட்டை உணர்கின்றன. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். காயில் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 16 சதவீதம் அதிகக் கரண்ட் ஓடுவதாக வீஆர்எம் நினைக்கும். அதற்கேற்ப வோல்டேஜையும் கூடுதலாக இறக்கும். மேலே உள்ள உதாரணத்தில் அது 21 மில்லிவோல்ட். இதை ஈடுகட்ட ஒரு தெர்மிஸ்டர் வைப்பார்கள்; அது காயிலுக்கு ஒட்டி இருந்தால் ஈடுகட்டும், தள்ளி இருந்தால் பாதிதான். முதல் நிமிடம் தாண்டி 20ஆவது நிமிடத்தில் விழும் ஓவர்கிளாக்குகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். கூலரைக் குறை சொல்லும் முன் விகோரின் முதல் நிமிட எண்ணையும் இருபதாம் நிமிட எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய ஓவர்கிளாக்கைப் புதுப் போர்டுக்குக் கொண்டுபோவது

பழைய போர்டில் அசையாமல் ஓடிய நிலை: 170 ஆம்பியரில் 1.174 வோல்ட். புதுப் போர்டில் மேலே சொன்ன அளவீட்டைக் குறைந்த கிளாக்கில் ஒருமுறை செய்து லோட்லைனையும் ஆஃப்செட்டையும் எடுங்கள். லோட்லைன் 0.4 மில்லிஓம், ஆஃப்செட் கழித்தல் 5 மில்லிவோல்ட் என்று வந்தால்:

1.174 கூட்டல் (170 பெருக்கல் 0.0004) கூட்டல் 0.005. அதாவது 1.174, 0.068, 0.005 மூன்றும் சேர்ந்து 1.247. பயோஸ் 5 மில்லிவோல்ட் படியில் போனால் 1.250 வையுங்கள்.

பழைய போர்டில் 1.300, இங்கே 1.250. சிப்புக்கு முழு லோடில் கிடைப்பது ஒன்றே. பழைய எண்ணையே இங்கும் அடித்திருந்தால் 50 மில்லிவோல்ட் வீணாக ஏறியிருக்கும்.

ஆனால் முழு லோடில் சமமாக்கியதோடு வேலை முடியவில்லை. லேசான லோடில் இரண்டு போர்டும் பிரிந்துவிடும். 40 ஆம்பியரில் பழைய போர்டு 1.278 கொடுத்தது; புதியது 1.229தான் கொடுக்கும். எல்லாக் கோரும் ஒரே கிளாக்கில் ஓடும் நிலையில் இது பெரும்பாலும் தொல்லை தராது, சூடு குறைவாக இருப்பதால். ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் கூடுதல் கிளாக்குக்கு ஏறும்படி வைத்திருந்தால் அங்கே விழும்: சோதனை எல்லாம் தேறும், பிரவுசர் திறக்கும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகும். அப்போது வோல்டேஜை மட்டும் ஏற்றாதீர்கள். எல்எல்சியை ஒரு படி தளர்த்திவிட்டு, வைக்கும் எண்ணை அதற்கேற்ப ஏற்றுங்கள். முழு லோடு வோல்டேஜ் மாறாது, லேசான லோடு வோல்டேஜ் உயரும்.

முதல் ஓட்டத்தைக் கணக்கில் வந்த எண்ணுக்கு 20 மில்லிவோல்ட் மேலே தொடங்கி, 5 மில்லிவோல்டாக இறக்கி வாருங்கள். இரண்டு போர்டின் பள்ளமும் துள்ளலும் ஒன்றாக இராது. நல்ல வீஆர்எம் உள்ள போர்டு அதே சராசரி வோல்டேஜில் 10, 15 மில்லிவோல்ட் குறைவாகவே தாங்கலாம், சுமாரான போர்டு அதே அளவு கூடுதலாகக் கேட்கலாம். எந்தப் போர்டிலும் தட்டையான எல்எல்சியில் குடியிருக்காதீர்கள்.

இன்டெல்: ஆட்டோ, அடாப்டிவ், ஏசி-டிசி லோட்லைன்

நிலையான வோல்டேஜ் வைக்காமல் ஆட்டோ அல்லது அடாப்டிவ்வில் (பிராசஸரே வேகத்துக்கேற்ப வோல்டேஜ் கேட்கும் முறை) ஓட்டுபவர்களுக்கு இன்னும் இரண்டு எண்கள் வந்து சேரும். ஏசி லோட்லைன் என்பது, "என் போர்டில் இவ்வளவு சரிவு இருக்கிறது, அதற்கேற்ப முன்கூட்டியே அதிகம் கேள்" என்று போர்டு பிராசஸருக்குச் சொல்லும் எண். டிசி லோட்லைன், பிராசஸர் தன் வோல்டேஜையும் வாட்டையும் கணக்கிடப் பயன்படுத்தும் எண். போர்டு தயாரிப்பாளர் இவற்றுக்குத் தன் விருப்பப்படி மதிப்பு வைக்கிறார். எல்எல்சி வலுவாக இருந்தும் ஏசி லோட்லைன் 1.1 என்று விட்டுவிட்டால், இல்லாத சரிவுக்காக பிராசஸர் அதிக வோல்டேஜ் கேட்டு வாங்கும். ஒரே சிப் ஆட்டோவில் ஒரு போர்டில் மிதமாகவும் இன்னொன்றில் கொதிப்பாகவும் ஓடுவதற்கு முதல் காரணம் இது. எம்எஸ்ஐயின் சிபியு லைட் லோடும் ஆசுஸின் எஸ்விஐடி பிஹேவியரும் உள்ளுக்குள் இந்த எண்களைத்தான் மாற்றுகின்றன.

முதலில் எல்எல்சியை நடுத்தரத்தில் நிறுத்துங்கள். இனி அதைத் தொட வேண்டாம். முழு லோடில் விஐடியையும் விஆர் விஅவுட்டையும் ஒப்பிடுங்கள். விஐடி 1.200, விஅவுட் 1.174, கரண்ட் 170 ஆம்பியர் என்றால் வித்தியாசம் 26 மில்லிவோல்ட், வகுத்தால் 0.15 மில்லிஓம். டிசி லோட்லைனை அவ்வளவு ஏற்றினால் இரண்டும் ஒன்றாகும். இப்போதுதான் திரையில் தெரியும் வாட் நிஜ வாட். வாட் வரம்பு வைத்து ஓட்டுபவர்கள் இதைச் செய்யாமல் இரண்டு போர்டை ஒப்பிட்டால், ஒன்று 253 வாட் என்று சொல்லிக்கொண்டு நிஜத்தில் வேறொன்றை எரிக்கும்.

பிறகு ஏசி லோட்லைனை 0.1 மில்லிஓம் படியில் இறக்குங்கள். 170 ஆம்பியரில் ஒரு படி 17 மில்லிவோல்ட். சில போர்டுகள் 0.50 என்றும் சில 50 என்றும் அதையே எழுதும். அலகைப் படித்துவிட்டு அடியுங்கள். ஒவ்வொரு படிக்கும் சினிபெஞ்ச் மதிப்பெண்ணையும் பாருங்கள். வோல்டேஜ் இறங்கியும் கணினி விழாமல் மதிப்பெண் மட்டும் சரிந்தால், ஐஏ சிஇபி என்ற பாதுகாப்பு குறுக்கே வந்து கிளாக்கை நீட்டி, நிஜ வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் வரி அதைக் காட்டிக்கொடுக்கும். சில போர்டுகளில் சிஇபியை அணைக்கலாம். முடியாத போர்டில் ஏசி லோட்லைனை ஒரு படி மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் முன் பயோஸைப் புதுப்பியுங்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்பதால் இந்தச் சிப்புகள் காலப்போக்கில் கெட்டு, முன்பு ஓடிய வோல்டேஜில் ஓடாமல் போவதை 2024இல் இன்டெல் உறுதிப்படுத்தியது. அந்த ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயோஸ் வழியாக வரும் பிராசஸர் திருத்தம்) 1.55 வோல்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கிறது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. ஏற்கெனவே கெட்ட சிப்பை இவை சரிசெய்யாது. அதனால் பழைய போர்டில் தேறிய எண்ணைவிடப் புதுப் போர்டில் அதிகம் கேட்கிறது என்றால், பழியைப் போர்டின்மேல் போடும் முன் சிப்பை அதன் அடிப்படை அமைப்பில் சோதியுங்கள்.

ஏஎம்டி ரைசன்

ரைசனில் பெரும்பாலோர் பிபிஓவும் (பூஸ்ட்டின் மின் வரம்புகளை உயர்த்துவது) கர்வ் ஆப்டிமைசரும் (ஒவ்வொரு கோரும் கேட்கும் வோல்டேஜைக் கூட்டிக் குறைப்பது) வைத்து ஓட்டுகிறார்கள். கர்வ் ஆப்டிமைசரின் ஒரு எண்ணிக்கை சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். போர்டின் லோட்லைனோ ஆஃப்செட்டோ 30 மில்லிவோல்ட் மாறினால், ஆறிலிருந்து பத்து எண்ணிக்கை போய்விட்டது என்று அர்த்தம். பழைய போர்டில் கழித்தல் 25 தாங்கிய கோர் புதியதில் கழித்தல் 15இல் விழுவது இப்படித்தான். போர்டு மாறினால் கர்வ் எண்களைப் பாதியாக்கி, கோர்சைக்ளர் என்ற சோதனை மென்பொருளில் ஒவ்வொரு கோராக மறுபடி ஏற்றுங்கள். பிபிஓவில் எல்எல்சியை ஆட்டோவிலேயே விடுவது நல்லது. பிராசஸரின் பூஸ்ட் கணக்கு அந்தச் சரிவை நம்பி எழுதப்பட்டது. ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் லேசான வேலையில் 1.4 தாண்டிய வோல்டேஜ் மின்னி மறைவது இயல்பு. அதைக் கண்டு நிலையான 1.4 வோல்டை எல்லாக் கோருக்கும் வைத்துவிடாதீர்கள். கரண்ட் குறைவாக உள்ள நொடிகளுக்கான வோல்டேஜ் அது.

கரண்ட்டைப் பற்றிப் போர்டு சொல்லும் தகவலும் பொய்யாகலாம். சில ஏஎம்4 போர்டுகள் ஓடும் கரண்ட்டைக் குறைத்துச் சொல்லி, பிராசஸரை வரம்பு தாண்டி ஓடவிட்டன. இதைக் கண்டுபிடிக்கவே 2020இல் எச்டபிள்யூஇன்ஃபோ பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன் என்ற வரியைச் சேர்த்தது. மாற்றம் ஏதுமில்லாத அமைப்பில், சினிபெஞ்ச் மல்டி போன்ற முழு லோடில் மட்டும் அதைப் பாருங்கள். ஐடிலில் அது காட்டுவதற்குப் பொருளில்லை. 100 சதவீதத்துக்கு அருகே இருந்தால் போர்டு நேர்மை. 70 என்றால் திரையில் காணும் வாட் நிஜத்தைவிடக் குறைவு.

அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் கோரோடு எஸ்ஓசி வோல்டேஜையும் (பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போவது) கவனியுங்கள். ராமை அதன் அறிவித்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவை இயக்கியதும் போர்டு அதைத் தானாக ஏற்றும். எவ்வளவு என்பது போர்டுக்குப் போர்டு வேறு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில கருகிய செய்திகளுக்குப் பிறகு, ஏஎம்டி எஸ்ஓசிக்கு 1.30 வோல்ட் உச்சவரம்பு போட்டுப் புதிய பயோஸ்களை வெளியிடச் செய்தது. அதற்கு முந்திய பயோஸ் உள்ள போர்டை வாங்கி மாட்டினால், எக்ஸ்போவைத் தொடும் முன் பயோஸைப் புதுப்பியுங்கள். ராம் நிலையாக ஓடினால் எஸ்ஓசியைக் கையால் 1.20, 1.25 என்று குறைத்து வையுங்கள்.

விழுந்தால் எங்கே பார்ப்பது

124ஆம் எண் நீலத்திரையும் கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்டும் (101) பெரும்பாலும் கோர் வோல்டேஜ் பற்றாக்குறை. விழாமலே விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு) 19 என்று வரிசையாகச் சேர்ந்தால், பிழை நடந்து திருத்தப்பட்டிருக்கிறது. 18 என்றால் திருத்த முடியாத பிழை. 19 வரும் ஓவர்கிளாக்கை நிலையானது என்று எண்ண வேண்டாம். ரைசனில் 19 வந்தால் கோரைவிட இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (கோர்களையும் மெமரியையும் இணைக்கும் பாதை) கிளாக்கை முதலில் சந்தேகியுங்கள்.

லோடு ஏறும் கணத்தில் விழுந்தால் பள்ளம். எல்எல்சியை ஒரு படி வலுவாக்குவதும் 10 மில்லிவோல்ட் ஏற்றுவதும் தனித்தனியாகச் செய்து எது உதவுகிறது என்று பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் காரணம் தெரியாமல் போகும். லோடு நின்ற கணத்தில் விழுந்தால் எல்எல்சி வலுவாக இருக்கிறதா என்று பாருங்கள், தளர்த்துங்கள். கிளாக் திடீரென மிகத் தாழ்வாக இறங்கி, பிராசஸர் வெப்பம் மட்டும் நன்றாகவே இருந்தால், வீஆர்எம் சூடு; ஹீட்சிங்கின் மேல் ஒரு விசிறியைத் திருப்பி வைத்துச் சோதித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வீஆர்எம் சென்சார் இருந்தால் தொடர் ஓட்டத்தில் 100 டிகிரிக்குக் கீழே வைத்திருங்கள். 8 பின் பிராசஸர் பவர் இணைப்பு இரண்டு இருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

பயோஸ் புதுப்பிப்பு ஒவ்வொன்றும் ஆட்டோ மதிப்புகளை, சில வேளை எல்எல்சி படிகளையே மாற்றக்கூடும். புதுப்பித்த பின் பழைய ப்ரொஃபைலை அப்படியே ஏற்றாமல், எண்களைக் கையால் அடித்து, 15 நிமிடம் சூடாக்கி, இரண்டு லோடிலும் வோல்டேஜையும் கரண்ட்டையும் மறுபடி குறியுங்கள். பயோஸ் பதிப்பு, எல்எல்சி, வைத்த வோல்டேஜ், இரண்டு லோடின் நான்கு எண்கள், அறை வெப்பம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த போர்டு வரும்போது தேவைப்படுவது அந்தத் தாள்தான்.